மேமோகிராமில் ஏதோ தெரிகிறது என்றால், அடுத்து என்ன?

மாஸ்டர் ஹெல்த் செக்கப் பேக்கேஜ்களில் நாற்பது வயதைத் தாண்டிய பெண்களுக்கு இப்போதெல்லாம் மார்பக எக்ஸ்ரேயான மேமோகிராமும் சேர்ந்தே வருகிறது. காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்து, ஸ்கேன் முடித்து, அவர்கள் தரும் இட்லியைச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால், சாயங்காலம் வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் வந்து விழுகிறது. டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பே வீட்டில் யாராவது ஒருவர் அதைத் திறந்து படித்துவிடுவார். சர்க்கரை, கொழுப்பு எல்லாம் புரிகிறது. மேமோகிராம் பக்கத்தில் மட்டும் புரியாத நாலைந்து வாக்கியங்கள், கீழே ஓர் எண், 'மேற்கொண்டு பரிசோதனை தேவை' என்று ஒரு வரி. அன்று ராத்திரி அந்த வீட்டில் யாருக்கும் தூக்கம் வராது.

அப்புறம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கிறது. மறுநாளே தெரிந்த சர்ஜனிடம் ஓடி, "எதுவா இருந்தாலும் எடுத்துடுங்க டாக்டர்" என்கிறார்கள். இல்லாவிட்டால், பெண்ணுக்குக் கல்யாணம் முடியட்டும், பையனுக்குப் பரீட்சை முடியட்டும் என்று ரிப்போர்ட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டுகிறார்கள். இரண்டுமே தப்பு. மேமோகிராம் 'இது புற்றுநோய்' என்று தீர்ப்புச் சொல்லும் பரிசோதனை இல்லை. சந்தேகத்துக்கு இடமான ஒரு நிழலைக் காட்டி, அது எவ்வளவு சந்தேகம், அதை எப்படிச் சரிபார்க்க வேண்டும் என்று சொல்வதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. அந்தச் சரிபார்க்கும் வழி ரிப்போர்ட்டிலேயே இருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்தால், அவசரப்படவும் வேண்டாம், தள்ளிப்போடவும் வேண்டாம்.

முதலில் ஒரு கணக்கு. அமெரிக்காவில் எந்தத் தொந்தரவும் இல்லாமல் வழக்கமான சோதனைக்கு வரும் 1000 பெண்களுக்கு மேமோகிராம் எடுத்தால், ஏறக்குறைய 100 பேரை 'இன்னொரு தடவை வாருங்கள்' என்று கூப்பிடுகிறார்கள். அந்த 100 பேரில் புற்றுநோய் என்று உறுதியாவது ஐந்து பேர் அளவுக்குத்தான். மற்றவர்களுக்கு நீர்க்கட்டி, சாதாரணக் கட்டி, அல்லது படத்தில் சதை ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்ததால் வந்த வீண் சந்தேகம். ஆனால் இந்தக் கணக்கு எல்லோருக்கும் பொருந்தாது. கையில் ஏற்கெனவே ஒரு கட்டி தட்டுப்பட்டு, அதற்காக மேமோகிராம் எடுத்தவர் இந்த ஆறுதலை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அவருக்குப் புற்றுநோய் வாய்ப்பு இதைவிட அதிகம்.

கீழே இருக்கும் அந்த எண்

ரிப்போர்ட்டின் கடைசியில் 'பை-ராட்ஸ்' என்று போட்டு 0 முதல் 6 வரை ஓர் எண் இருக்கும். அமெரிக்கக் கதிரியக்க மருத்துவர்களின் அமைப்பான ஏ.சி.ஆர். 1993இல் கொண்டுவந்த முறை இது. அதற்கு முன்னால் ஒவ்வொரு ரேடியாலஜிஸ்ட்டும் அவரவர் பாணியில் எழுதுவார். படிக்கும் சர்ஜனுக்கு என்ன செய்யச் சொல்கிறார் என்றே தெளிவாகத் தெரியாது. இப்போது நம் ஊர் ஸ்கேன் சென்டர்களும் இதே எண்ணைத்தான் போடுகின்றன. ஒவ்வோர் எண்ணுக்கும் பின்னால் ஒரு வேலை இருக்கிறது. அதுதான் இந்த முறையின் அழகு.

எண்ணைப் படிப்பதற்கு முன்னால் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பல ரிப்போர்ட்டுகளில் மேலேயே 'ஏ.சி.ஆர். சி' என்றோ 'டைப் டி' என்றோ ஓர் எழுத்து இருக்கும். அதைப் பார்த்துவிட்டு மூன்றாம் கட்டம், நான்காம் கட்டம் என்று அழுதவர்கள் உண்டு. அது நோயின் கட்டம் கிடையாது. மார்பகத்தில் கொழுப்பு எவ்வளவு, சுரப்பித் திசு எவ்வளவு என்பதை ஏ, பி, சி, டி என்று நான்காகப் பிரித்துச் சொல்வது. கொழுப்பு படத்தில் கறுப்பாகத் தெரியும். சுரப்பித் திசு வெள்ளையாகத் தெரியும். கட்டியும் வெள்ளையாகத்தான் தெரியும் என்பதால், அடர்த்தி அதிகமுள்ள சி, டி வகை மார்பகத்தில் கட்டி ஒளிந்துகொள்ள இடம் அதிகம். அவர்களுக்கு அல்ட்ராசவுண்ட் சேர்த்துச் செய்யச் சொல்வது அதனால்தான்.

சரி, எண்ணுக்கு வருவோம். 1 என்றால் ஒன்றுமில்லை. 2 என்றால் ஏதோ இருக்கிறது, ஆனால் அது நிச்சயம் சாதுவானது. வழக்கம்போல அடுத்த சோதனைக்கு வந்தால் போதும். இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாக எண் போட்டிருந்தால், எது அதிகக் கவனம் கேட்கிறதோ அதைத்தான் பின்தொடர வேண்டும்; ஒரு பக்கம் 0 இருந்தால், 1, 2ஐவிடச் சின்ன எண்தானே என்று விட்டுவிடக் கூடாது.

0 என்ற எண்தான் ரொம்பப் பேரை ஏமாற்றுகிறது. பூஜ்யம்தானே, ஒன்றுமில்லை என்று மடித்து வைத்துவிடுகிறார்கள். அதன் பொருள், 'இந்தப் படத்தை மட்டும் வைத்து என்னால் முடிவு சொல்ல முடியவில்லை' என்பது. அடுத்து சந்தேகமான இடத்தை மட்டும் சின்னத் தட்டால் அழுத்தி ஒரு படம், அதையே பெரிதாக்கி ஒரு படம், கூடவே அல்ட்ராசவுண்ட் என்று எடுப்பார்கள். சில இடங்களில் மார்பகத்தை மெல்லிய அடுக்குகளாகக் காட்டும் டோமோசிந்தஸிஸ் கருவி இருக்கும். பல பூஜ்யங்கள் இந்தக் கட்டத்திலேயே 1 ஆகவோ 2 ஆகவோ மாறிவிடும்.

இன்னும் எளிதான ஒரு வழியும் உண்டு: பழைய படம். மூன்று வருடத்துக்கு முன்னால் எடுத்த மேமோகிராமில் அதே நிழல் அதே அளவில் அதே இடத்தில் இருந்தால், ரேடியாலஜிஸ்ட்டின் கவலை பெருமளவு குறைந்துவிடும். நம் ஊரில் படத்தையோ சிடியையோ நம் கையிலேயே கொடுத்துவிடுவதால் அது பரணில் எங்கேயோ கிடக்கும். ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, படம்தான் வேண்டும். தேடி எடுத்துக்கொண்டு போங்கள். அந்தத் தேடலில், ஊசியால் கொஞ்சம் சதை எடுத்துப் பார்க்கும் ஓர் ஊசிப் பரிசோதனையே மிச்சமாகலாம்.

இங்கே ஒரு சின்ன விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். குளித்துவிட்டுக் கையிடுக்கிலும் மார்பகத்துக்குக் கீழேயும் பவுடர் போட்டுக்கொண்டு மேமோகிராமுக்குப் போகாதீர்கள். டால்கம் பவுடரும் சில டியோடரண்டுகளும் படத்தில் சுண்ணாம்புப் புள்ளிகள் மாதிரியே விழும். துடைத்துவிட்டு மறுபடி எடுத்தால் காணாமல் போகிற 'சந்தேகம்' அது.

3 என்பது இடைப்பட்ட நிலை. பெரும்பாலும் சாது, புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு 2 சதவீதமோ அதற்கும் குறைவோ. இதற்கு வழக்கமான ஏற்பாடு, ஆறு மாதத்தில் ஒரு படம், ஒரு வருடத்தில் ஒன்று, இரண்டு வருடத்தில் ஒன்று. இரண்டு வருடம் மாறாமல் இருந்தால் 2 என்று எழுதி விட்டுவிடுவார்கள். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் ஆறு மாதம் கழித்து ஒழுங்காக வருகிறவர்கள் நம் வீடுகளில் எத்தனை பேர்? 'வலி இல்லையே, எதுக்குப் போகணும்' என்பதில் ஆறு மாதம் மூன்று வருடமாகிவிடும். ஆகவே 3 வந்தால், தேதியை உங்களுக்கு மட்டுமல்லாமல் மகளின் போனிலும் குறித்து வைக்கச் சொல்லுங்கள். வெளிநாட்டுக்குப் போகப் போகிறீர்கள், திரும்பி வருவது நிச்சயமில்லை, அல்லது ஆறு மாதம் நிம்மதியில்லாமல் இருக்க முடியாது என்றால் அதை டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அப்படிப்பட்டவர்களுக்கு 3 என்றாலும் இப்போதே ஊசிப் பரிசோதனை செய்துவிடுவது உண்டு. கூடுதல் படங்களும் அல்ட்ராசவுண்டும் எடுக்காமல் முதல் படத்திலேயே 3 என்று போட்டிருந்தால், 'மற்ற படங்கள் எடுக்க வேண்டாமா?' என்று கேட்கவும் தயங்காதீர்கள். முழுதாகப் பார்த்த பிறகு போட வேண்டிய எண் அது.

4 என்றால் ஊசி. இதில் விவாதமே இல்லை. ஆனால் 4 என்பது மிகப் பெரிய கூடை. 2 சதவீதத்துக்கு மேல் 95 சதவீதத்துக்குக் கீழ் எல்லாமே அதற்குள் அடங்கும். அதனால்தான் அதை மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். 4ஏ என்றால் வாய்ப்பு 10 சதவீதம் வரை. 4பி என்றால் 10க்கு மேல் 50 வரை. 4சி என்றால் 50க்கு மேல். உங்கள் ரிப்போர்ட்டில் வெறும் 4 என்று மட்டும் இருந்தால், ரேடியாலஜிஸ்ட்டிடம் எந்தப் பிரிவு என்று கேட்கலாம். செய்யப்போகும் பரிசோதனை ஒன்றுதான். ஆனால் 4ஏ வந்தவருக்குப் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சாதுவாக இருக்கவே வாய்ப்பு என்று தெரிந்தால், ரிசல்ட் வரும் வரை சாப்பாடு இறங்கும். அதைவிட முக்கியம், ஊசியில் 'ஒன்றுமில்லை' என்று வந்தால் அதை எவ்வளவு நம்பலாம் என்பதும் இந்தப் பிரிவைப் பொறுத்ததுதான். அதைப் பிறகு சொல்கிறேன்.

5 என்றால் 95 சதவீதமோ அதற்கு மேலோ. இங்கேயும் ஊசிப் பரிசோதனை வேண்டும். 'அதான் தெரிஞ்சுபோச்சே' என்று நேரே ஆபரேஷனுக்குப் போகக் கூடாது. 6 என்பது ஏற்கெனவே புற்றுநோய் என்று உறுதியாகி, சிகிச்சைக்கு நடுவில் எடுக்கும் படத்துக்குப் போடும் எண்.

சுண்ணாம்புப் புள்ளிகள்

ரிப்போர்ட்டில் அடிக்கடி வரும் ஒரு சொல் கால்சிஃபிகேஷன். மார்பகத்துக்குள் படியும் கால்சியம் துணுக்குகள். கால்சியம் மாத்திரை சாப்பிடுவதாலோ, பால் குடிப்பதாலோ, வெற்றிலையில் சுண்ணாம்பு தடவுவதாலோ இது வருவதில்லை. டாக்டர் எலும்புக்குக் கொடுத்த மாத்திரையை இதற்காக நிறுத்த வேண்டாம்.

இவற்றில் பெரும்பாலானவை சாது. வயதானவர்களின் ரத்தக் குழாய்ச் சுவரில் தண்டவாளம் மாதிரி இரு கோடாகப் படிவது, ஃபைப்ரோஅடினோமா என்ற சாதுவான பழைய கட்டிக்குள் பெரிய கட்டிகளாக உறைவது எல்லாம் 2ஆம் எண்ணில் போய்விடும். சந்தேகம் வருவது வேறு வகையில்: மிக நுண்ணிய, ஒன்றுக்கொன்று அளவும் வடிவமும் ஒத்துவராத துகள்கள் ஓரிடத்தில் கொத்தாகச் சேர்ந்திருந்தால், அல்லது பால் குழாயின் போக்கிலேயே கிளை பிரிந்த கோடாக ஓடினால். பால் குழாய்க்குள்ளேயே நின்றுவிட்ட, இன்னும் வெளியே பரவாத டி.சி.ஐ.எஸ். என்ற ஆரம்ப நிலை பல நேரம் இப்படித்தான் கண்ணில் படுகிறது. கையால் தடவிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, அல்ட்ராசவுண்டிலும் பெரும்பாலும் தெரியாது. "தடவிப் பாத்தேன், ஒண்ணும் தட்டுப்படலையே" என்று யாராவது சொன்னால், கையில் தட்டுப்படுவதற்கு முன்னால் கண்டுபிடிக்கத்தானே மேமோகிராம் என்பதை நினைவில் வையுங்கள்.

கத்திக்கு முன்னால் ஊசி

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துப்போவதென்றால், இதை எடுத்துப்போங்கள். சந்தேகமான கட்டியை ஊசிப் பரிசோதனை செய்யாமல் முதலிலேயே அறுத்து எடுக்கச் சம்மதிக்காதீர்கள்.

"சின்னக் கட்டிதான், இரண்டு நாள் பெட்டில் இருந்தால் போதும், எடுத்துவிட்டு லேபுக்கு அனுப்பிவிடலாம்" என்று சொல்வது நம் ஊர்களில் இன்னமும் நடக்கிறது. கேட்பவருக்கும் 'எடுத்துட்டா நிம்மதி' என்றுதான் தோன்றும். எடுத்த கட்டி புற்றுநோய் என்று பத்து நாள் கழித்து ரிப்போர்ட் வந்தால்தான் சிக்கல் புரியும். கட்டியைச் சுற்றி நல்ல சதையோடு சேர்த்து எடுத்திருக்க மாட்டார்கள், மறுபடி ஆபரேஷன். தையல் எந்தத் திசையில் போட்டார்கள் என்பதிலிருந்து அடுத்த சர்ஜனுக்குத் தலைவலி. சில வகைப் புற்றுநோய்களுக்கு முதலில் கீமோ கொடுத்துக் கட்டி எவ்வளவு கரைகிறது என்று பார்த்துவிட்டு ஆபரேஷன் செய்வதே நல்லது. கட்டியே இல்லையென்றால் அந்த வழியும் அடைபட்டுவிடும். கட்டி சாது என்று வந்தாலும், தேவையே இல்லாத ஒரு வெட்டுத் தழும்புதான் மிச்சம்.

ஊசிப் பரிசோதனையில் இரண்டு உண்டு. எஃப்.என்.ஏ.சி. என்பது ரத்தம் எடுக்கும் அளவுக்கு மெல்லிய ஊசி. கட்டியிலிருந்து தனித்தனி செல்களை உறிஞ்சி எடுக்கும். செலவு குறைவு, அன்றே ரிசல்ட் கிடைக்கலாம். கோர் பயாப்ஸி அல்லது ட்ரூ-கட் என்பது கொஞ்சம் தடித்த ஊசி. பென்சில் முனை அளவுக்குத் தடிமனான சதைத் துண்டுகளை எடுக்கும். முதலாவது உதிரிச் செங்கல்லைக் காட்டுகிறது, இரண்டாவது சுவரின் ஒரு துண்டையே காட்டுகிறது. புற்றுநோய் செல்கள் பால் குழாயின் சுவரைத் தாண்டிவிட்டனவா இல்லையா என்பது சுவரைப் பார்த்தால்தானே தெரியும்? சிகிச்சையைத் தீர்மானிக்கும் ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 சோதனைகளுக்கும் சதைத் துண்டுதான் ஏற்றது. அதனால் மார்பகத்தில் சந்தேகம் என்றால் கோர் பயாப்ஸியே முதல் தேர்வு. எஃப்.என்.ஏ.சி. மட்டும் எழுதிக் கொடுத்தால், "கோர் பயாப்ஸி செய்யலாமா டாக்டர்?" என்று கேளுங்கள். கையிடுக்கு நெறிக்கட்டியைப் பார்க்க, நீர்க்கட்டியை வடிக்க எஃப்.என்.ஏ.சி. நல்லதுதான்.

செய்யும் விதம் பயப்படும்படி இருக்காது. படுக்கவைத்து, மரத்துப்போகும் ஊசி போட்டு, அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே ஊசியைக் கட்டிக்குள் செலுத்துவார்கள். ஒவ்வொரு துண்டு எடுக்கும்போதும் 'டக்' என்று ஸ்டேப்ளர் அடிக்கிற மாதிரி ஒரு சத்தம். முன்கூட்டியே சொல்லாவிட்டால் அந்தச் சத்தத்துக்குத்தான் பலர் துள்ளிவிடுவார்கள். நாலைந்து துண்டுகள் எடுத்து, கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்து, சின்ன பிளாஸ்திரி ஒட்டினால் முடிந்தது. தையல் கிடையாது. அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். இரண்டு மூன்று நாள் கன்றிப்போய் நீலமாக இருக்கலாம். ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும்; ஆனால் இதய டாக்டரைக் கேட்காமல் தானாக நிறுத்தக் கூடாது.

சுண்ணாம்புப் புள்ளி மட்டும் தெரிந்து அல்ட்ராசவுண்டில் தெரியாவிட்டால், மேமோகிராம் கருவியிலேயே இடத்தைக் கணக்கிட்டு எடுக்கும் ஸ்டீரியோடாக்டிக் பயாப்ஸி தேவை. இது பெரிய சென்டர்களில்தான் இருக்கும். எடுத்த துண்டுகளையே எக்ஸ்ரே எடுத்து, புள்ளிகள் அதில் வந்துவிட்டனவா என்று உறுதி செய்வார்கள். அடையாளத்துக்கு எள்ளளவு உலோக கிளிப் ஒன்றை உள்ளேயே விட்டுவிடுவதும் உண்டு. அது உடம்புக்கு ஒன்றும் செய்யாது. இந்த வசதி இல்லாத இடத்தில் மெல்லிய கம்பியைச் செருகி இடத்தைக் குறித்துக்கொண்டு, அந்தப் பகுதியை மட்டும் ஆபரேஷனில் எடுப்பார்கள். ஊசிக்கு முன்னால் கத்தி வேண்டாம் என்று சொன்னதற்கு இது ஒரு நியாயமான விதிவிலக்கு.

"ஊசி குத்தினா பரவிடும்" என்ற பேச்சு வந்தே தீரும். மாமியாரோ, பக்கத்து வீட்டம்மாவோ, சில சமயம் படித்த மருமகனோ சொல்வார். ஊசி போன தடத்தில் ஒன்றிரண்டு செல்கள் நகரலாம் என்பது உண்மை. அதனால் நோய் பரவி ஆயுள் குறைந்தது என்பதற்கு ஆதாரம் இல்லை. உலகம் முழுக்க மார்பகப் புற்றுநோயை உறுதி செய்வது இந்த ஊசியால்தான். பின் இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது? ஊசிப் பரிசோதனை செய்துகொண்டு, ரிசல்ட்டைப் பார்த்துப் பயந்து, சிகிச்சைக்குப் போகாமல் பற்றும் எண்ணெயும் கட்டுமாக ஒரு வருடம் ஓட்டியவர்களுக்கு நோய் முற்றியிருக்கும். பழி ஊசிமேல் விழுந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பதற்றத்தில் செய்யும் வீண்செலவுகளையும் சொல்ல வேண்டும். நோய் உடம்பில் எங்கெல்லாம் பரவியிருக்கிறது என்று பார்க்கும் பெட் ஸ்கேனைப் பயாப்ஸிக்கு முன்னாலேயே எடுப்பது, ரத்தத்தில் சி.ஏ. 15-3 என்ற 'கேன்சர் மார்க்கர்' பார்ப்பது. ஆரம்ப நிலைப் புற்றுநோயில் அந்த மார்க்கர் சாதாரணமாகவே இருக்கலாம். புற்றுநோயே இல்லாதவருக்கு ஏறியும் இருக்கலாம். பெட் ஸ்கேன் நோய் உறுதியான பிறகு, அதுவும் சிலருக்குத்தான் தேவை. எம்.ஆர்.ஐ.க்கு அதற்கான இடம் உண்டு, ஆனால் 4 என்று எழுதியபின் ஊசியைத் தவிர்ப்பதற்காக எடுப்பது இல்லை.

ரிசல்ட் வந்த பிறகு

பயாப்ஸி ரிப்போர்ட்டில் 'புற்றுநோய் இல்லை' என்று வந்தால், கோயிலுக்குத் தேங்காய் உடைக்கப் போவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்: "படமும் பயாப்ஸியும் ஒத்துப்போகிறதா?" மேலே பிறகு சொல்கிறேன் என்றது இதைத்தான். 4ஏ என்று சந்தேகப்பட்ட உருண்டையான கட்டி, ஊசியில் ஃபைப்ரோஅடினோமா என்று வந்தால் ஒத்துப்போகிறது. முள் முள்ளாக ஓரம் கொண்ட, 5 என்று எழுதிய நிழலில் 'சாதாரண மார்பகத் திசு' என்று வந்தால் ஒத்துப்போகவில்லை. ஊசி குறி தப்பியிருக்கலாம். அங்கே மறுபடி ஊசி, அல்லது ஆபரேஷனில் எடுத்துப் பார்ப்பது அவசியம். பயாப்ஸி ரிப்போர்ட் ஒருவர் கையிலும் மேமோகிராம் இன்னொருவர் கையிலும் இருந்தால் இந்த ஒப்பிடல் நடக்கவே நடக்காது. இரண்டையும் ஒரே மேஜையில் வைப்பது உங்கள் பொறுப்பு என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

நடுவில் ஒரு வகை உண்டு. புற்றுநோயும் இல்லை, முழுச் சாதுவும் இல்லை. 'எடிப்பிகல் டக்டல் ஹைப்பர்பிளேசியா' என்று வந்தால், பக்கத்திலேயே டி.சி.ஐ.எஸ். ஒளிந்திருக்கலாம் என்பதால் பொதுவாக அந்தப் பகுதியை எடுத்துப் பார்ப்பார்கள். பால் குழாய்க்குள் வளரும் சின்ன முளையான பாப்பிலோமா போன்ற சிலவற்றில் எடுப்பதா கண்காணிப்பதா என்பது ஆளுக்கு ஆள் மாறும். இங்கே இரண்டாவது கருத்துக் கேட்பது நல்லது. ரிப்போர்ட் நகல் மட்டும் போதாது; லேபிலிருந்து ஸ்லைடையும், எடுத்த சதையைப் பதித்து வைத்த மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனால் இன்னொரு பேத்தாலஜிஸ்ட் நேரில் பார்த்துச் சொல்வார்.

புற்றுநோய் என்றே வந்தாலும் அன்றைக்கே அட்மிட் ஆக வேண்டிய நிலைமை பெரும்பாலும் இல்லை. அறுவை, கீமோ, ரேடியேஷன் மருத்துவர்கள் மூவரும் சேர்ந்து பேசி முடிவெடுக்க ஓரிரு வாரம் ஆனால் ஆகட்டும். மாதக்கணக்கில் இழுப்பதுதான் ஆபத்து. முதன்முதலில் டாக்டரிடம் வந்ததிலிருந்து 60 நாளுக்குள் நோயை உறுதிசெய்துவிட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் இலக்கு. மார்பகத்தை முழுதாக எடுக்கத்தான் வேண்டும் என்றும் இல்லை. ஆரம்ப நிலையில் கட்டியை மட்டும் எடுத்து ரேடியேஷன் கொடுத்தாலும் உயிர் பிழைக்கும் வாய்ப்பு ஒன்றே என்பதை அமெரிக்காவிலும் இத்தாலியிலும் நடந்த இரண்டு பெரிய ஆய்வுகள், இருபது வருடம் பின்தொடர்ந்து 2002இல் காட்டின.

யாரிடம் போவது? முதலில் வழக்கமாகப் பார்க்கும் மகப்பேறு மருத்துவரிடம் போனாலும் தப்பில்லை. 4, 5 என்றால் மார்பக சர்ஜன் அல்லது சர்ஜிக்கல் ஆன்காலஜிஸ்ட். பணம்தான் தயக்கம் என்றால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசின் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை லாபத்துக்காக நடப்பதில்லை. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு கொண்டுபோய், எது அதில் அடங்கும் என்று அங்குள்ள கவுண்டரிலேயே கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று. "அம்மாகிட்ட சொல்ல வேண்டாம், தாங்க மாட்டாங்க" என்று ரிப்போர்ட்டை மறைத்துவிட்டு, மகனும் மருமகளும் டாக்டரிடம் தனியாகப் பேசும் காட்சி எல்லா மருத்துவமனையிலும் உண்டு. அன்புதான், மறுக்கவில்லை. ஆனால் ஊசி யார் உடம்பில்? கட்டியை மட்டும் எடுப்பதா, மார்பகத்தையே எடுப்பதா என்பதை யார் முடிவு செய்வது? ஆறு மாதம் கழித்துத் திரும்பி வரவேண்டியதும் அவர்தான். விஷயம் தெரியாதவர் திரும்பி வரமாட்டார்.

மேமோகிராம் நன்றாக இருக்கிறது, ஆனால் கையில் கட்டி தட்டுப்படுகிறது என்றால்? அங்கே கையைத்தான் நம்ப வேண்டும். மேமோகிராம் எட்டில் ஒரு புற்றுநோயைத் தவறவிடுகிறது. அடர்த்தியான மார்பகத்தில் இன்னும் கூடுதலாக. இந்தியப் பெண்களுக்கு மேலை நாட்டவரைவிட ஏறத்தாழ பத்து வருடம் முன்னாலேயே இந்நோய் வருகிறது. இளம் வயதில் மார்பகம் அடர்த்தியாகத்தான் இருக்கும். மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனை ஒன்றரை லட்சம் பெண்களை இருபது வருடம் பின்தொடர்ந்து 2021இல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கையால் சோதித்ததிலேயே 50 வயதுக்கு மேற்பட்டவர்களில் மார்பகப் புற்றுநோய் மரணம் சுமார் 30 சதவீதம் குறைந்தது தெரிந்தது. புதிதாக ஒரு கட்டி, காம்பிலிருந்து தானாக ரத்தமோ நீரோ கசிவது, காம்பு திடீரென உள்ளே இழுத்துக்கொள்வது, தோல் குழிவது, ஆன்டிபயாட்டிக் கொடுத்தும் ஆறாத சிவப்பு வீக்கம்: இவற்றில் ஏதாவது இருந்தால், ரிப்போர்ட்டில் 1 என்றே போட்டிருந்தாலும் அல்ட்ராசவுண்டும் சர்ஜனின் சோதனையும் அந்த வாரத்திலேயே நடக்க வேண்டும்.